காலமான தந்தையின் கார்

அன்பு மகன் இம்தியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் காலமானவன் நலமாக இருக்கிறான் என்று எழுதினால் எங்கேயோ உதைக்கிறதே. அதனால் இப்படி வைத்துக்கொள். உன் உம்மா நலம். உன் தங்கை சுமையாவும் நலம். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றைக் குறைத்துக்கொண்டு எல்லோரிடமும் எரிந்து விழுகிறாள். நான் மட்டும் மவுத்தாகிவிட்டேன். இதை எனக்குத் தெரிவித்தவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர். அவருக்குத் தெரிவித்தவன் நீ.

போன செவ்வாய்க்கிழமை காலை உன் உம்மா தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் பெயரைப் போட்டு, அன்னாரின் மனைவிக்கு என்று எழுதியிருந்தது. அவளுக்கு வரும் தபாலை நான் பிரிப்பதில்லை. ஆனால் அனுப்பிய இடம் இங்கிலாந்து என்றதும் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் நின்றபடியே கிழித்தேன். உள்ளே ஒரு கடிதமும், நீல அட்டை போட்ட மாப்பிள்ளை நோட்டும் இருந்தன. கடிதத்தில் முதல் வரியிலேயே உங்கள் கணவரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம் என்று இருந்தது. சாவுச் செய்தி கேட்டால் நம் வாயில் தானாக வருமே, எனக்கும் வந்துவிட்டது. இன்னா லில்லாஹி என்று முழுதும் சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னேன் என்று புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் நல்ல மனிதர். நம் பழைய கார் பினாங்கானை இரண்டு மாதத்துக்கு முன் உன்னிடமிருந்து வாங்கினாராம். முதலில் வேறொரு காரைத்தான் பேசி வைத்திருந்தாராம். காலமான தந்தையின் கார், பிரிய மனமில்லாமல் கொடுக்கிறேன் என்று நீ விளம்பரத்தில் எழுதியதைப் படித்ததும் மனம் மாறிவிட்டதாம். அவருடைய மனைவி சென்ற ஆண்டு இறந்துவிட்டார். தனியாக இருப்பதன் கஷ்டம் தனக்குத் தெரியும் என்று உன் உம்மாவுக்கு ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறார். முன்பக்கப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது இந்த நோட்டு கிடைத்தது, என்ன மொழி என்று தெரியவில்லை, நிறையக் கையெழுத்துகள் இருக்கின்றன, உங்கள் குடும்பத்துக்கு முக்கியமானதாக இருக்கலாம், அதனால் அட்டையில் ஆங்கிலத்தில் இருந்த முகவரிக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காரை ஒரு காட்சிப் பொருளாக வைக்காமல் உங்கள் கணவர் விரும்பியபடியே ஓட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் இறந்ததற்காக இவ்வளவு வருத்தப்பட்ட ஆளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, இம்தியாஸ்.

அந்த நோட்டு என்னவென்று உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பினாங்கானில் ஏறிக் கல்யாணத்துக்குப் போன ஒவ்வொரு மாப்பிள்ளையும் இறங்கும்போது அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் நான் கேட்ட ஒரே வாடகை. முதல் கையெழுத்து என் அலுவலகத் தோழன் சுப்பையாவுடையது. கேலாங் சிவன் கோயில் வாசலில் மாலையோடு இறங்கி, சந்தனக் கையோடு போட்டான். அந்தப் பக்கத்தில் இன்னும் மஞ்சளாக ஒரு விரல் தெரிகிறது. அதன் பிறகு நம் ஆட்கள், அவர்கள் ஆட்கள், சர்ச்சில் கட்டியவர்கள், ஒரு சீனப் பையன் கூட இருக்கிறான். கடைசிப் பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் பென்சிலால் உன் பெயரை எழுதி வைத்திருந்தேன். தேதி போடவில்லை. கார் உன்னிடம் பத்தொன்பது மாதம் இருந்தது. அந்தப் பெட்டியை நீ ஒரு தடவை கூடத் திறக்கவில்லை என்பதை எனக்கு ஒரு வெள்ளைக்காரர் தபாலில் அனுப்பித் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை வழக்கம்போல நீ வீடியோவில் வந்தாய். உன் உம்மா பேசி முடித்துவிட்டு மீனைத் திருப்பிப் போட அடுப்படிக்குப் போனாள். நோட்டு என் மடியில், கேமராவுக்குத் தெரியாமல் இருந்தது. "கார் எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். நீ கொஞ்சமும் தடுமாறவில்லை. "நல்லா இருக்கு வாப்பா. நேத்துதான் ஷெட்ல போய்ப் பார்த்தேன். குளிர் விட்டதும் வெளியே எடுக்கணும் லா," என்றாய். "பனி உறையாம இருக்க ரோட்டுல உப்புப் போடுவாங்கன்னு சொன்னியே, அடியில மெழுகெண்ணெய் அடிச்சியா?" என்று கேட்டேன். "அடிச்சாச்சு வாப்பா, டோன்ட் வொரி," என்றாய். அப்போது நான் ஏதாவது கேட்டிருக்கலாம். நோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை சொல்லும்போது எப்படி இருப்பாயோ அப்படியேதான் இருந்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடமாக அந்த முகத்தில் எதை நம்பினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது காரை விற்றதைப் பற்றி மட்டும்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் ஒன்றை இழுத்தால் இன்னொன்று வருகிறது. எனக்குக் கண் ஆபரேஷன் நடக்க ஒரு வாரம் இருந்தபோது ஒரு நாள் நீ என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "வாப்பா, பினாங்கான் இன்சூரன்ஸ் வருது. உங்க வயசுக்கு ஏத்திடுவாங்க. என் பேருக்கு மாத்திட்டா ஈஸி. இங்க விரலை மட்டும் வைங்க," என்றாய். திரையில் எழுத்தெல்லாம் எனக்குப் பால் ஊற்றினாற்போல் தெரிந்தது. நீ விரலைப் பிடித்து வைத்தாய்; நான் அழுத்தினேன். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டிடம் முப்பத்து நான்கு வருடம் ஏற்றுமதி இறக்குமதித் தாள் எழுதியவன் நான். ஒரு மூட்டை வெங்காயத்துக்குக் கூட நகலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. என் முதலாளி, "இந்த ஆள் தன் பிறப்புச் சான்றிதழையே ரெண்டு தடவை படிப்பார்," என்று கேலி செய்வார். அப்படிப்பட்டவன் என்ன எழுதியிருக்கிறது என்று கூடக் கேட்காமல் விரல் வைத்தேன். என் கையைப் பிடித்தது நீ என்பதால்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் காரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நீ. திடீரென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க வாப்பா, ஒரு ரவுண்டு போலாம்," என்றாய். பழைய கார்களை இங்கே ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் சாலையில் எடுக்கலாம். அந்த நாட்களைக் கல்யாணங்களுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உனக்காக முதன்முறையாக ஒரு மாப்பிள்ளையிடம் நாள் இல்லை என்று சொன்னேன். சாங்கி வரை போவோம், தெம்பனிஸ் வழியாகத் திரும்புவோம், கேலாங்கில் பரோட்டாவும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துப் பேருந்திலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள். நீ ஒரு கையைக் கதவுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி இருப்பாய். ஒவ்வொரு முறையும் என்னைப் படம் எடுக்கச் சொல்வாய். "ஸ்டீயரிங்கும் நம்பர் பிளேட்டும் விழுற மாதிரி எடுங்க வாப்பா," என்பாய். என் மகனுக்குக் கடைசியில் பினாங்கான்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் ஒரு படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். என் ஓய்வுக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஏழு மாதம்தான்.

பிறகு ஒரு நாள், லண்டன் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும் என்றாய். உம்மா அழுதாள். நான் அழவில்லை, ஆம்பளைப் பிள்ளை, நாலு இடம் போய்ப் பார்க்கட்டும் என்று அவளைத் தேற்றினேன். "பினாங்கானையும் கொண்டுபோறேன் வாப்பா. அங்க இவ்ளோ பழைய காருக்கு ரோட் டேக்ஸ் கிடையாது, வருஷம் முழுக்க ஓட்டலாம். இங்க சும்மாதானே நிக்குது," என்றாய். அதுவும் சரிதான் என்று பட்டது. நம்முடையது அமெரிக்கக் காராக இருந்தாலும் வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்து ஆஸ்திரேலியாவுக்கென்று செய்தது. இங்கிலாந்திலும் சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதன் மைல் முள் கூட அங்கேதான் பொருந்தும். வரிவிலக்குக்கான தாளை நீ என்னிடமே கொடுத்தாய். "நீங்கதான் எக்ஸ்பெர்ட்டு. ஒரு தடவை செக் பண்ணிடுங்க," என்றாய். எனக்குப் புதுக் கண். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். குடிபெயர்ந்து வருகிறவர் தன் காரை வரியில்லாமல் கொண்டுவர வேண்டுமானால், கிளம்புவதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் அது அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும், அவரே உபயோகித்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். பெயர் மாறிய தேதி நான் கண் தெரியாமல் விரல் வைத்த தேதி. ஆதாரமாக நீ சேர்த்திருந்தவை ஞாயிற்றுக்கிழமைப் படங்கள். நான் சுவரில் மாட்டியிருந்த படம் அதில் நான்காவது.

எனக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதுதான் கிடைத்ததாக நீ சொன்ன வேலைக்கு ஏழு மாதத்துக்கு முன்பே கார் தயாராகியிருக்கிறது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் உன் உம்மா உன்னிடம் கொடுத்தனுப்ப மாசிக் கருவாட்டைத் தூளாக இடித்துக்கொண்டிருந்தாள்; அந்தச் சத்தத்தில் எதைக் கேட்பது என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நீ இன்றைக்கு என்னைக் கொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்காது. அதே தாளில் இன்னொரு விதியும் இருந்தது. கொண்டுவந்த காரைப் பன்னிரண்டு மாதம் வரை விற்கக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஒரு வருடமாவது அது உன்னோடு இருக்கும் என்று. ஒரு வருடத்துக்குப் பிறகு ஏழு மாதம் கூடுதலாகவே பொறுத்துத்தான் விற்றிருக்கிறாய். விதியை மீறவில்லை. உன்னிடம் அந்தக் குறையைச் சொல்ல முடியாது.

இப்போது என் பங்கை எழுதுகிறேன். இதை எழுதாமல் உன்னை மட்டும் கூண்டில் நிறுத்தினால் அது நியாயமில்லை. பினாங்கிலிருந்து அந்தக் காரை நான் இறக்குமதி செய்தபோது உனக்கு ஒன்பது வயது. பினாங்கில் ஒரு சீனத் தவ்கே முதலாளியின் வீட்டில் பல வருடம் நின்ற கார். அவர் பிள்ளைகள் கனடாவுக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களுக்குத் தாள் எழுதிக் கொடுத்தவன் நான். ஊரார் சரக்குக்கெல்லாம் எழுதிய கையால் இறக்குமதியாளர் என்ற கட்டத்தில் என் பெயரையே ஒரு முறை எழுத வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. உன் உம்மாவிடம் சொன்னால் ஒரே நாளில் முடிந்துபோகும். அதனால் சொல்லவில்லை. காரைக் கேலாங்கில் ஒரு பட்டறையில் விட்டுவிட்டு சனிக்கிழமைதோறும் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். உம்மா கேட்டால் நீச்சல் வகுப்பு என்று சொல்லச் சொன்னேன். நீ நான் சொன்னதை மட்டும் செய்யவில்லை. முதல் வாரமே கிளம்புவதற்கு முன் பட்டறைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டாய்; நீச்சல் உடையையும் நனைத்துப் பையில் வைத்தாய். "இப்ப உம்மா நம்புவாங்க வாப்பா," என்றாய். நான் சிரித்தேன். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டி, வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து உன் மாமா வீட்டாரோடு நீச்சல் குளத்துக்குப் போனோம். நீ தண்ணீரில் கல் மாதிரி இறங்கினாய். மாமாதான் குதித்துத் தூக்கினார். உன் உம்மா ஈரத் துண்டோடு உன்னைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் பல நாட்கள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க கார் வாங்குனது எனக்குப் பெருசில்ல. அந்தப் புள்ளைய எங்கிட்டப் பொய் சொல்ல வச்சீங்க பாருங்க. அது ஒங்களோட முடியாது." அன்றைக்கு அது கோபத்தில் சொன்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவளுடைய அந்தச் சொல்தான். நனைத்த தலையும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களும் ஒன்றுதான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவன் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மறந்திருக்க மாட்டாய். உயர்நிலைப்பள்ளி கடைசி வருடம் உனக்குப் பரிசு கொடுத்த நாள். பினாங்கானில் கூட்டிப் போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். காலையில் ஜாலான் புசாரில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், பேசி வைத்த கார் வரவில்லை என்று ஓடிவந்தார்கள். நிக்காஹ் நேரம் தவறக் கூடாதே என்று போய்விட்டேன். நான் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீ வாசலில் கேடயத்தைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "நான் மாப்பிள்ளையா வந்தாத்தான் ஒங்க கார்ல எனக்கு எடம் கெடைக்குமா வாப்பா?" என்று கேட்டாய். வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் உன் பெயரை எழுதினேன். அதை உன்னிடம் காட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் நீயே பார்ப்பாய் என்று பெட்டியில் வைத்தேன். பார்ப்பாய் என்று பதினாறு வருடம் காத்திருந்தது என் முட்டாள்தனம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட வேண்டும், பெட்டியில் வைக்கக் கூடாது. உனக்குப் பிள்ளை பிறந்தால் இதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்.

இவ்வளவும் என் குற்றம்தான். ஆனால் இதையெல்லாம் கூட்டினாலும் சாவு வரவில்லை, இம்தியாஸ். எப்படிப் பார்த்தாலும் வரவில்லை. கார் உனக்கு வேண்டாம் என்றால் விற்றுக்கொள். அது உன் பெயரில் இருக்கிற கார். எதற்கு விற்றாய் என்று நான் கேட்கப் போவதில்லை. "வாப்பா, எனக்கு இதை வைத்துக்கொள்ள முடியவில்லை," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாங்குகிறவருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன்: பழைய ரப்பர்க் குழாய்கள் இந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தாங்காது, மாற்றச் சொல், இரண்டாம் கியரில் முனகும், பயப்பட வேண்டாம். தந்தையின் கார் என்று மட்டும் எழுதியிருந்தாலே போதும். அதுவே உண்மை, அதற்கே அந்த மனிதர் வாங்கியிருப்பார். எதற்காகக் காலமான என்ற சொல்லைச் சேர்த்தாய்? அதை எழுதும்போது உன் கை ஒரு விநாடி நிற்கவில்லையா? நான் உயிரோடிருப்பது உனக்கு அவ்வளவு பிரயோசனமில்லாமல் போய்விட்டதா? கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனம் விட்டுப் போய்விட்டது, வாப்பா. (உன்னைச் சின்ன வயதில் நான் வாப்பா என்றுதான் கூப்பிடுவேன், பழக்கத்தில் வந்துவிட்டது.)

அந்தப் பெரியவருக்குப் பதில் போட வேண்டும். கடிதம் எழுதியவரைக் காக்க வைப்பது முறையில்லை. சில நாட்களாக மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். ஐயா, நான் உயிரோடிருக்கிறேன் என்று எழுதினால், என் மகன் பொய்யன் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நானே முத்திரை குத்திக் கொடுத்ததாகும். அதற்கு மனம் வரவில்லை. பிறகு ஒன்று செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் உம்மாவே எழுதுவதுபோல எழுதிப் பார்த்தேன். என் கணவரின் நோட்டைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி, அவர் உங்களைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அரைப் பக்கம் வந்துவிட்டது. கீழே அவள் பெயரைப் போடப் போகும்போது, "ஏங்க, டீ ஆறுதுங்க," என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். கிழித்துப் போட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பொய்த் தாள் எழுதாதவன், நான் செத்துவிட்டேன் என்று நானே உறுதிமொழி கொடுக்க இருந்தேன், உன் பெயர் கெடாமல் இருக்க. இந்த நிமிஷம் வரை நான் அந்த மனிதரின் வீட்டில் பிணமாகத்தான் இருக்கிறேன். உனக்காகத்தான் இருக்கிறேன். இனி இருக்க மாட்டேன்.

உன் உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நோட்டு என் கைலிகளுக்கு அடியில் இருக்கிறது. அவளிடம் மறைப்பது எனக்குப் பழகிய வேலை என்று நீ சொல்லலாம். இந்த முறை அது எனக்குக் கூடவில்லை. சுமையாவின் மாப்பிள்ளை தெம்பனிஸிலிருந்து ஏதோ வாடகைக் காரில்தான் வருவான். "நானா மட்டும் வந்துட்டாப் போதும் வாப்பா, காரெல்லாம் யாருக்கு வேணும்," என்று அண்ணன் உன்னைத்தான் கேட்கிறாள். லீவு கிடைக்குமா தெரியவில்லை என்று நீ அவளிடம் இழுத்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். போன வாரம் நிக்காஹ் விண்ணப்பத்தைக் கைப்பேசியில் திறந்து, "விரலை வைங்க வாப்பா," என்று நீட்டினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். "ஐயோ வாப்பா, டூ மினிட்ஸ் வேலை," என்று தலையில் அடித்துக்கொண்டாள். மணப்பெண்ணைக் கையளிக்கிற வலீ யார் என்ற கட்டத்தில் என் பெயரைத் தட்டியிருந்தாள். அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தேன். தகப்பனும் தகப்பனின் தகப்பனும் மவுத்தாகியிருந்தால் அண்ணன்தான் அந்த இடத்தில் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் நீ எழுதியது உண்மையென்றால் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியது உன் பெயர். உனக்கு இது தோன்றியிருக்காது. என்னைச் சாகடித்தவன் என் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்கு லீவு கிடைக்குமா? சுமையா என் கையை உலுக்கினாள். நான் விரலை வைத்தேன். தகப்பன் உயிரோடிருக்கிறான் என்று அந்தத் தாளில் பதிவாகிவிட்டது.

உன்னிடம் மூன்று கேட்கிறேன். காரைக் கேட்கவில்லை. அது நல்லவர் கையில் இருக்கிறது. உன்னிடம் இருந்ததைவிட அங்கே நன்றாக இருக்கும். முதலாவது, அந்தப் பெரியவருக்கு நீயே எழுத வேண்டும்: என் வாப்பா உயிரோடிருக்கிறார், நான் பொய் சொன்னேன் என்று. சாக்கு எதுவும் சேர்க்காதே. மனைவியை இழந்த மனிதரின் இரக்கத்தை ஏமாற்றி வாங்கியிருக்கிறாய்; அவர் திட்டினால் கேட்டுக்கொள். இரண்டாவது, அந்த ஞாயிற்றுக்கிழமைகள். படம் எடுத்தது எதற்கென்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் சாங்கியில் மழை பிடித்துக்கொண்டு, வைப்பர் நின்றுபோய், நாம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் படம் எடுக்கவில்லை. நீ சீட்டில் சாய்ந்துகொண்டு, சின்ன வயதில் பட்டறைக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாய். அது ஒன்றாவது ஆதாரத்துக்கு இல்லாமல் நடந்ததா என்று மட்டும் சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல். படத்தை இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை; உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

மூன்றாவது, நிக்காஹுக்கு வா. நிக்காஹ் நடத்தி வைக்கிற காதி வந்து உட்கார்ந்ததும் வலீ யார் என்று கேட்பார். நான் பதில் சொல்லும்போது நீ அந்த அறையில் இருக்க வேண்டும். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே, தீரவில்லை. உன் உம்மாவுக்கு முன்னாலும் உன் தங்கைக்கு முன்னாலும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மற்றதை நாம் இரண்டு பேரும் பிறகு பேசிக்கொள்வோம்.

அந்தப் பெரியவரின் முகவரியை இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு நீ எழுதுகிற கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு. நான் யாரையும் நகல் பார்க்காமல் நம்பியதில்லை, உன் ஒருவனைத் தவிர. இனிமேல் உன்னிடமும் நகல் கேட்பேன்.

வாப்பா